மவுஸ் இல்லாமல் டெபியன்: எழுத்து மெனு வழியாக இன்ஸ்டால் செய்வது எப்படி

டெபியன் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை. அதன் பென்டிரைவைச் செருகிக் கணினியை ஆன் செய்தால் முதலில் ஒரு பட்டியல் வரும். மேலே ‘கிராபிகல் இன்ஸ்டால்’, அதற்கு அடுத்த வரியில் வெறும் ‘இன்ஸ்டால்’. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் வரியைத்தான் தேர்வு செய்வார்கள். அடுத்த வரியை அழுத்திவிட்டு, நீலப் பின்னணியில் சாம்பல் நிறப் பெட்டி வந்ததும் பயந்து கணினியை அணைத்தவர்களும் உண்டு.

இரண்டு வழியிலும் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றேதான். உள்ளே ஓடுவதும் ஒரே நிரல்தான், முகம் மட்டும் வேறு. அந்தச் சாம்பல் பெட்டிகளாக வரும் எழுத்து மெனுவுக்குச் சில வசதிகள் கூடுதல். பழைய கிராபிக்ஸ் கார்டோ வேலை செய்யாத டச்பேடோ அதை நிறுத்தாது. நினைவகமும் குறைவாகவே போதும். திரையே இல்லாத சர்வரில்கூட சீரியல் கேபிள் வழியாக இதே மெனுவை ஓட்டலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் முதல் பட்டியல் வரும்போது ‘எஸ்’ எழுத்தையும் என்டரையும் அழுத்தினால், ஒவ்வொரு கேள்வியையும் கணினி வாசித்துக் காட்டும்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் கட்டத்தில், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, ‘எழுதட்டுமா?’ என்று கேட்டு நீங்கள் ‘யெஸ்’ சொல்லும் வரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. அதற்கு முன்பு எந்தக் கேள்விக்குத் தவறான பதில் கொடுத்தாலும் பின்னால் போய்த் திருத்தலாம், இல்லை பவர் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போகலாம். பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். இது தெரிந்தாலே பாதி பதற்றம் குறைந்துவிடும்.

முன் வேலைகள்

இந்தக் கட்டுரை 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஐ வைத்து எழுதப்பட்டது. அதன் பெயர் டிரிக்ஸி. முந்தைய 12-லும் படிகள் ஏறக்குறைய இவைதான். உங்கள் கணினி 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய இயந்திரம் என்றால் 13-க்கு அதில் இன்ஸ்டாலர் கிடையாது. 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

டெபியன் தளத்தில் ‘நெட்இன்ஸ்ட்’ என்ற ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு டிஸ்க்கின் முழு நகல்) இருக்கிறது. ஒரு ஜிபிக்குள் அடங்கும். அடிப்படை மட்டும் அதில் இருக்கும், மீதியை இன்ஸ்டால் ஆகும்போதே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். நல்ல இணையம் இல்லாத இடம் என்றால் முதல் டிவிடிக்கான ஐஎஸ்ஓவை எடுப்பது மேல், டெஸ்க்டாப் அதிலேயே வந்துவிடும். வரைகலை டெஸ்க்டாப்போடு ஓட்டுவதற்குக் குறைந்தது 1 ஜிபி ராம், வசதியாக ஓட 2 ஜிபி, டிஸ்க்கில் 10 ஜிபி இடம் என்பது டெபியனின் கணக்கு. பிரவுசரில் நான்கு டேப் திறந்து வைக்கும் ஆள் என்றால் 4 ஜிபி ராமாவது இருக்கட்டும் என்பேன்.

விண்டோஸில் இருந்து பென்டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் என்ற நிரல் போதும். ‘ஸ்டார்ட்’ அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் டிடியைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் கல்யாண போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் விண்டோஸ் அந்தப் பென்டிரைவை ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் டெபியன் போடுவதாக இருந்தால் விண்டோஸுக்குள்ளேயே மூன்று வேலை இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி, ஒரு 40 ஜிபியாவது யாருக்கும் சொந்தமில்லாத காலி இடமாக விட வேண்டும். அந்தக் காலி இடத்தை ஃபார்மட் செய்யாதீர்கள், சும்மா விடுங்கள்.

இதையெல்லாம் முதல் தடவையே சொந்த லேப்டாப்பில் செய்யத் தயக்கமாக இருக்கிறதா? விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் என்று ஒரு போலிக் கணினியை உருவாக்கி அதில் ஐஎஸ்ஓவை ஓட்டுங்கள். எல்லாக் கேள்விக்கும் வேண்டுமென்றே தப்பான பதிலையும் கொடுத்துப் பாருங்கள். என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

நான்கு விசைகள்

இந்த மெனுக்களை வரைவது நியூட் என்ற சிறிய நிரல் தொகுப்பு. ரெட் ஹேட் லினக்ஸின் இன்ஸ்டாலருக்காக எழுதப்பட்டு, பிறகு டெபியனும் எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு இடத்தில் கற்றுக்கொண்ட விசைகள் மற்ற இடங்களிலும் உதவும்.

மேல், கீழ் அம்புக்குறிகள் பட்டியலில் நகர. டேப் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு, அதாவது பட்டியலிலிருந்து கீழே உள்ள ‘கோ பேக்’, ‘கன்டினியூ’ பட்டன்களுக்குத் தாவ. என்டர் ஒப்புக்கொள்ள. ஸ்பேஸ் பார், பெட்டிகளில் குறி போடவும் எடுக்கவும். திரையின் அடியில் இதையே ஒரு வரியில் எழுதியும் வைத்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. நாடுகள் போன்ற நீளமான பட்டியலில் முதல் எழுத்தைத் தட்டினால் அங்கே தாவிவிடும்.

‘கோ பேக்’ அழுத்தினால் சில சமயம் முந்தைய கேள்விக்குப் போகாமல், எல்லாப் படிகளையும் வரிசையாகக் காட்டும் பெரிய பட்டியல் வரும். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதுதான் இன்ஸ்டாலரின் முதன்மை மெனு. எந்தப் படியை மீண்டும் செய்ய வேண்டுமோ அதில் என்டர் தட்டினால் அங்கிருந்து தொடரும். எனக்கு எழுத்து மெனுவில் மிகப் பிடித்தது இந்த இடம். இன்ஸ்டாலர் உள்ளே என்ன வரிசையில் வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

இன்னொன்று: ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் பின்னால் ஓடும் பதிவுகளைப் பார்க்கலாம். ஆல்ட், எஃப்1 மீண்டும் மெனுவுக்கு. நீண்ட நேரம் ஒரே சதவீதத்தில் நிற்கும்போது, உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க இது நல்லது.

மொழி, இடம், கீபோர்டு

பென்டிரைவிலிருந்து பூட் செய்ய, ஆன் செய்தவுடன் டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். செக்யூர் பூட் (கையொப்பம் உள்ள சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, 2019-இல் வந்த டெபியன் 10 முதல் அதற்கு ஆதரவு உண்டு.

மொழிப் பட்டியலில் தமிழைத் தேடுவீர்கள். எழுத்து மெனுவில் இருக்காது. உயிர்மெய்களைச் சேர்த்து வரைய இந்தத் திரைக்குத் தெரியாது என்பதால் தமிழ் கிராபிகல் இன்ஸ்டாலில் மட்டும்தான் இருக்கிறது. தமிழிலேயே இன்ஸ்டால் செய்தாக வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம், கேள்விகளின் வரிசை மாறாது. இங்கே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்போம்.

அடுத்து நாடு. இந்தியாவும் சிங்கப்பூரும் முதல் பட்டியலிலேயே இருக்கும். இலங்கை, மலேசியாவில் இருப்பவர்கள் ‘அதர்’ என்பதில் நுழைந்து, ஆசியா, அப்புறம் நாடு என்று போக வேண்டும். அதன் பிறகு ‘லொக்கேல்’, அதாவது மொழியும் தேதி, எண் எழுதும் முறையும், எது என்று தனியாகக் கேட்கும். அமெரிக்க ஆங்கிலம் என்று உள்ளதையே வைத்துக்கொள்ளலாம். நாட்டைச் சரியாகச் சொன்னால் கடிகாரமும் சரியாக அமைந்துவிடும். கீபோர்டுக்கு ‘அமெரிக்கன் இங்கிலீஷ்’. நம் கடைகளில் விற்கும் கீபோர்டுகள் அந்த அமைப்புத்தான். தமிழ்99 போன்ற தமிழ் விசை அமைப்புகளை இன்ஸ்டால் முடிந்த பிறகு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம், இப்போதே அதைத் தேட வேண்டாம்.

நெட்வொர்க்கும் பாஸ்வேர்டும்

வயர் செருகியிருந்தால் இன்ஸ்டாலர் தானே இணைந்துவிடும். வைஃபை என்றால் பட்டியலில் உங்கள் ரவுட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் பல லேப்டாப்புகளில் இந்த இடத்தில்தான் வேலை நின்றுபோகும். வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் சிறு நிரல்) திறமூலம் இல்லை என்பதால் டெபியன் அதை அதிகாரபூர்வக் கோப்பில் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12 முதல் ஃபர்ம்வேர் உள்ளேயே வருகிறது. பழைய வழிகாட்டிகளில் ‘இன்னொரு பென்டிரைவில் ஃபர்ம்வேர் எடுத்து வை’ என்று படித்தால் கடந்து போங்கள்.

அப்படியும் வைஃபை தெரியவில்லையா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை (போனின் இணையத்தைப் பகிரும் வசதியை) ஆன் செய்யுங்கள். முதன்மை மெனுவுக்குப் போய் நெட்வொர்க் வன்பொருளைக் கண்டறியும் படியை மீண்டும் ஓட்டினால் போன் ஒரு நெட்வொர்க் கார்டாக வந்து நிற்கும்.

ஹோஸ்ட்நேம் என்பது கணினிக்கு நீங்கள் வைக்கும் பெயர், சின்ன ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல். டொமைன் நேம் காலியாக இருக்கட்டும்.

இப்போது ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கின், பாஸ்வேர்டு. வீட்டுக் கணினிக்கு என் பரிந்துரை: இரண்டு இடத்திலும் எதுவும் தட்டாமல் காலியாக விட்டு மேலே போங்கள். அப்படி விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, அடுத்து நீங்கள் உருவாக்கும் பயனருக்கே ‘சூடோ’ (ரூட்டாகக் கட்டளை இடும்) அதிகாரம் கிடைக்கும். ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் அந்த அதிகாரம் தானாக வராது. பிறகு ‘நீ சூடோ பட்டியலில் இல்லை’ என்று கணினி முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்போது பலரும் குழம்பும் இடம் இதுதான். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து முடிந்ததும் அடுத்த கட்டம்.

பார்ட்டிஷன்: நிதானம் தேவைப்படும் ஒரே இடம்

நான்கைந்து வரிகள் கொண்ட பட்டியல் வரும். ‘கைடட்’ என்று தொடங்குபவை எல்லாம் இன்ஸ்டாலரே கணக்குப் போட்டுக்கொள்பவை. ‘யூஸ் என்டயர் டிஸ்க்’ என்றால் முழு டிஸ்க்கும் டெபியனுக்கு, பழையது எதுவும் மிஞ்சாது. காலி இடம் விட்டு வைத்திருந்தால் ‘லார்ஜஸ்ட் கன்டினியுவஸ் ஃப்ரீ ஸ்பேஸ்’ என்ற வரியும் இருக்கும். விண்டோஸோடு சேர்ந்து இருக்க விரும்புபவர்களுக்கு அதுதான். அந்த வரி வரவே இல்லை என்றால் விண்டோஸில் இடம் சுருக்கிய வேலை சரியாக நடக்கவில்லை. ‘முழு டிஸ்க்’ பக்கம் கையைக் கொண்டுபோகாமல் திரும்பிப் போய் அதைப் பாருங்கள்.

அடுத்து எந்த டிஸ்க் என்று கேட்கும். சாட்டா டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர், புதிய எஸ்எஸ்டிகளுக்கு என்விஎம்இ என்று தொடங்கும். பென்டிரைவும் எஸ்டிஏ அல்லது எஸ்டிபி என்ற பெயரில் வரலாம் என்பதால் பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். 512 ஜிபி எது, 16 ஜிபி எது என்பதில் குழப்பம் வராது. சில லேப்டாப்புகளில் உள்ளே இருக்கும் டிஸ்க்கே பட்டியலில் வராது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சேமிப்பக முறை இன்டெலின் ஆர்எஸ்டி என்று இருப்பது வழக்கமான காரணம், ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸ் இருக்கும் கணினியில் அதை மட்டும் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆக மறுக்கும். முதலில் விண்டோஸை அதற்குத் தயார்படுத்த வேண்டும்.

பிறகு வரும் திட்டங்களில் ‘எல்லாக் கோப்புகளும் ஒரே பார்ட்டிஷனில்’ என்பதற்குப் பக்கத்திலேயே புதியவர்களுக்கு என்று எழுதியிருக்கும். அதையே எடுங்கள். பயனர் கோப்புகள் இருக்கும் ஹோமைத் தனியாகப் பிரிப்பதில் நன்மை உண்டு. சிஸ்டத்தை மீண்டும் போடும்போது உங்கள் கோப்புகள் தப்பிக்கும். ஆனால் சின்ன டிஸ்க்கில் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்கும் தொல்லையும் உண்டு.

இப்போது வரும் சுருக்கத் திரையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு வரி. அளவுக்குப் பக்கத்தில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் அது ஃபார்மட் ஆகப் போகிறது. ‘கே’ இருந்தால் உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருக்கும் வரியில் ‘எஃப்’ தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். ‘அன்டூ சேஞ்சஸ்’ என்ற வரியில் என்டர் தட்டினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எல்லாம் சரி என்றால் கடைசி வரி: ‘ஃபினிஷ் பார்ட்டிஷனிங் அண்ட் ரைட் சேஞ்சஸ் டு டிஸ்க்’. அதன் பிறகும் ஒரு முறை பட்டியல் போட்டுக் காட்டி, எழுதட்டுமா என்று கேட்கும். இங்கே கர்சர் ‘நோ’ மேல் நிற்கும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். என்டரைத் தட்டிக்கொண்டே வந்த கை இங்கே தடுக்கப்படும். டேப் அழுத்தி ‘யெஸ்’ பக்கம் போனால்தான் எழுதும். இனித் திரும்ப முடியாது.

எல்விஎம் (பார்ட்டிஷன் அளவைப் பின்னால் மாற்ற உதவும் முறை) தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இந்தக் கேள்வி முன்னதாகவே ஒரு முறை வரும், எல்விஎம்மை அமைக்கும் முன்பே பார்ட்டிஷன் அட்டவணையை எழுதியாக வேண்டும் என்பதால். ‘கடைசியில்தானே எழுதும்’ என்ற தைரியத்தில் அதைக் கடந்துவிடாதீர்கள். என்கிரிப்ட் செய்யும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வழியில் அதற்குப் பிறகு டிஸ்க் முழுவதையும் ரேண்டம் தரவால் நிரப்பும் வேலையும் நடக்கும். பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும். புதிதாக வாங்கிய டிஸ்க், பழைய ரகசியம் எதுவும் அதில் இல்லை என்றால் ‘கேன்சல்’ அழுத்தி அந்த வேலையை மட்டும் தாண்டலாம், என்கிரிப்ஷன் நின்றுபோகாது.

மென்பொருள் தேர்வு

அடிப்படை சிஸ்டம் ஏறுவதற்குச் சில நிமிடங்கள். பிறகு வேறு சிடி, டிவிடி ஸ்கேன் செய்யவா என்றால் ‘நோ’. மிரருக்கு (பேக்கேஜ்களை இறக்கும் சர்வருக்கு) ‘டெப் டாட் டெபியன் டாட் ஆர்க்’ என்ற பொது முகவரியே பக்கத்தில் உள்ள சர்வருக்கு அனுப்பிவைக்கும். பிராக்ஸி காலி. எந்தெந்தப் பேக்கேஜைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற புள்ளிவிவரம் அனுப்பலாமா என்பது உங்கள் விருப்பம்.

அடுத்து வருவது டாஸ்க்செல் என்ற மென்பொருள் தேர்வுத் திரை. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன், பார்ட்டிஷனைக்கூட இல்லை. டெஸ்க்டாப்புகளின் பட்டியல் பெட்டிகளோடு நிற்கும். எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் மேல் அம்புக்குறியைக் கொண்டுவந்து என்டர் தட்டினால் அது தேர்வாகும் என்று கை நினைக்கும். ஆகாது. ஏற்கெனவே குறி போட்டிருப்பதை எடுத்துக்கொண்டு இன்ஸ்டாலர் அடுத்த படிக்குப் போய்விடும். குறி போட ஸ்பேஸ், எல்லாம் முடிந்த பிறகே டேப், என்டர்.

முன்கூட்டியே குறி இருப்பது க்னோம். 4 ஜிபியோ அதற்குக் குறைவோ ராம் உள்ள பழைய லேப்டாப்பில் அதை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்குக் குறி போடுங்கள். ‘ஸ்டாண்டர்டு சிஸ்டம் யுட்டிலிட்டீஸ்’ இருக்கட்டும். எஸ்எஸ்ஹெச் சர்வர் என்பது வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழைய விரும்புபவர்களுக்கு மட்டும். வெப் சர்வர் என்றால் என்ன என்று கேட்கும் நிலையில் இருந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

டெஸ்க்டாப் இறங்கி முடிய இணைய வேகத்தைப் பொறுத்து அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம்.

கிரப், ரீபூட்

யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய முறை) கணினிகளில் கிரப் பூட் லோடர், அதாவது ஆன் செய்ததும் சிஸ்டத்தைத் தொடங்கும் நிரல், பெரும்பாலும் கேட்காமலே ஏறிவிடும். பழைய பயாஸ் கணினிகளில் எந்த டிஸ்க்கில் என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைக் கழற்றியதும் கணினி பூட் ஆகாது. இங்கேயும் டிஸ்க்கின் விவரத்தைப் பார்த்தே தேர்வு செய்யுங்கள். விண்டோஸும் இருந்தால் ‘ஓஎஸ் புரோபர்’ ஓட்டவா என்று ஒரு கேள்வி வரும். ‘யெஸ்’ சொன்னால்தான் விண்டோஸ் கிரப் பட்டியலில் இடம்பிடிக்கும்.

‘இன்ஸ்டாலேஷன் கம்ப்ளீட்’ வந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர்.

இதே விசைகள், வேறு இடங்கள்

டெபியனின் இந்த இன்ஸ்டாலர் 2005 ஜூனில் 3.1 பதிப்போடு வந்தது, அதற்கு கிராபிகல் முகம் சேர்ந்தது 2007-இல் 4.0-இல். ஸ்லாக்வேர் லினக்ஸின் ‘செட்டப்’ இன்றும் எழுத்து மெனுதான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் 2012 தொடக்கத்தில் 9.0-இல் தன் பழைய இன்ஸ்டாலரைத் தூக்கிவிட்டு ‘பிஎஸ்டிஇன்ஸ்டால்’ என்று புதிதாக எழுதியபோதும் எழுத்து மெனுவாகவே எழுதியது. ஆர்ச் லினக்ஸ் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தது. 2012-இல் தன் மெனு இன்ஸ்டாலரை நீக்கிவிட்டு, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையால் அடியுங்கள் என்றது. கற்றுக்கொள்ள அது நல்ல வழிதான், ஆனால் ஒரு கட்டளை தவறினால் புதியவர் எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது. 2021 ஏப்ரல் முதல் ‘ஆர்ச்இன்ஸ்டால்’ என்ற எழுத்து மெனு அதன் ஐஎஸ்ஓவிலேயே வருகிறது. டெபியனில் ஒரு சுற்று வந்தவருக்கு அதன் கேள்விகள் எல்லாம் பார்த்த முகங்களாகவே இருக்கும்.

ரீபூட்டுக்குப் பிறகு ஏதாவது தவறினால்

டெஸ்க்டாப் வராமல் கறுப்புத் திரையில் ‘லாகின்’ மட்டும் நிற்கிறதா? டாஸ்க்செல் திரையில் டெஸ்க்டாப்பின் குறி போய்விட்டது என்று அர்த்தம். மீண்டும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பெயரில் நுழைந்து ‘சூடோ டாஸ்க்செல்’ என்று தட்டுங்கள், அதே நீலப் பெட்டி திரும்ப வரும். இந்த முறை ஸ்பேஸ் அழுத்திக் குறி போடுங்கள்.

பிற்பாடு எப்போதாவது விண்டோஸ் அப்டேட் ஆகி, கிரப் காணாமல் போய், நேராக விண்டோஸே திறந்தால், முதலில் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் டெபியனை மேலே ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஆகவில்லை என்றால் அதே பென்டிரைவைச் செருகி, முதல் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ரெஸ்க்யூ மோட்’. மொழி, கீபோர்டு என்று பழைய கேள்விகளையே கேட்டுவிட்டு, ரூட் பார்ட்டிஷன் எது என்று கேட்கும். இன்ஸ்டால் செய்தபோது சுருக்கத் திரையில் சாய்கோட்டுக் குறி (/) போட்டிருந்த பார்ட்டிஷனைக் காட்டுங்கள். யுஇஎஃப்ஐ கணினி என்றால் தனியாக இருக்கும் பூட் பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்யவா என்று கேட்கும், அதற்கு ‘யெஸ்’. அடுத்து வரும் மெனுவில் கிரப்பை மீண்டும் நிறுவும் வரி இருக்கும். இந்த வழியில் எதுவும் ஃபார்மட் ஆகாது.